வழிகாட்டிக் கோடுகள் (இங்க்ஸ்கேப்)

வழிகாட்டிக் கோடுகள் என்பவை திசையன் வரைகலை மென்பொருள்களில் வடிவங்களையும் எழுத்துகளையும் துல்லியமாக இடம்வைப்பதற்காகப் பயனர் திரையில் அமைத்துக்கொள்ளும் துணைக்கோடுகள் ஆகும். இவை படத்தின் பகுதி அல்ல. அச்சிடும்போதோ வேறு வடிவத்தில் ஏற்றுமதி செய்யும்போதோ இவை வெளிப்படுவதில்லை. சுவர் எழுப்புமுன் கொத்தனார் பிடிக்கும் நூலுக்கு இவற்றை ஒப்பிடலாம். சுவர் எழுந்தபின் நூல் அவிழ்க்கப்படும். ஆனால் நூல் கோணலாக இருந்திருந்தால் சுவரும் கோணலாகவே நிற்கும்.

பெரும்பாலான வரைகலை மென்பொருள்களில் இவ்வசதி உள்ளது. இக்கட்டுரை கட்டற்ற மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் வழிகாட்டிக் கோடுகள் செயற்படும் விதத்தை முதன்மையாக விளக்குகின்றது.

பின்னணி

எழுதும் அல்லது வரையும் பரப்பில் முதலில் துணைக்கோடுகளை இட்டு, பின்னர் அவற்றை மறைத்துவிடும் வழக்கம் கணினிக்கு மிக முந்தையது. இடைக்கால ஐரோப்பாவில் தோல் ஏடுகளில் எழுதியவர்கள் ஏட்டின் ஓரங்களில் சிறு துளைகள் குத்தி, அத்துளைகளை இணைத்து மையில்லாத கூர்முனையால் கோடு கீறி, அதன்மீது எழுதினர். இருபதாம் நூற்றாண்டின் அச்சு முன்தயாரிப்புப் பணியில் வெளிர்நீலப் பென்சில் இதே வேலையைச் செய்தது. அச்சுத்தகடு செய்யப் பயன்பட்ட ஒளிப்படச் சுருள் நீல ஒளிக்கு மிகுந்த உணர்திறன் உடையது. எனவே வெளிர்நீலக் கோடு அதில் வெள்ளைத் தாளைப் போலவே பதிவாகி மறைந்துவிடும். ஓவியர் கோட்டை அழிக்கவேண்டிய தேவையே இல்லை. இங்க்ஸ்கேப்பில் வழிகாட்டிக் கோடுகளின் இயல்பு நிறமும் நீலமே.

கணினியில் துல்லியமாக வரைவதற்கான கருத்துகள் 1963 ஆம் ஆண்டு ஐவன் சதர்லாந்து தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் மென்பொருளிலேயே தோன்றிவிட்டன. ஒளிப்பேனா ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ அருகில் வந்தால் அதன்மேலேயே இருப்பதாகக் கொள்ளும் முறை அதில் இருந்தது. 1986 இல் எரிக் பியர், மௌரீன் ஸ்டோன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இக்கருத்தை மேலும் வளர்த்தது. கோடுகள், வட்டங்கள் முதலிய துணை வடிவங்களைத் திரையில் அமைத்து, இடங்காட்டி அவற்றின்மீது ஈர்க்கப்படுமாறு செய்வது அவர்களின் முறையாகும். இன்றைய வரைகலை மென்பொருள்களில் காணும் ஒட்டுதல் வசதிக்கு இவ்விரு பணிகளும் முன்னோடிகள் எனலாம்.

இங்க்ஸ்கேப் 2003 ஆம் ஆண்டு சோடிபோடி என்னும் மென்பொருளிலிருந்து கிளைத்தது. தொடக்கத்தில் கிடையாகவும் நெடுக்காகவும் மட்டுமே வழிகாட்டிகளை அமைக்க முடிந்தது. 2008 இல் வெளியான 0.46 பதிப்பில் எந்தக் கோணத்திலும் கோடு அமைக்கும் வசதி வந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் தனிப் பெயரும் நிறமும் கொடுப்பது 2015 இல் வெளியான 0.91 பதிப்பிலும், கோடுகளைப் பூட்டிவைப்பது 2017 இல் வெளியான 0.92 பதிப்பிலும் சேர்க்கப்பட்டன.

கோடுகளை உருவாக்குதல்

வரைபரப்பின் மேற்புறத்திலும் இடப்புறத்திலும் அளவுகோல்கள் உள்ளன. மேல் அளவுகோலின்மீது சுட்டியை அழுத்திக் கீழ்நோக்கி இழுத்தால் கிடைக்கோடு ஒன்று உடன்வரும். இட அளவுகோலிலிருந்து வலப்புறம் இழுத்தால் நெடுக்குக்கோடு கிடைக்கும். சுட்டியை விடுவித்த இடத்தில் கோட்டின்மீது ஒரு சிறு வட்டம் தோன்றும். இது அக்கோட்டின் நங்கூரப் புள்ளி ஆகும்.

அமைத்த கோட்டின்மேல் சுட்டியைக் கொண்டுசென்றால் அது சிவப்பாக மாறும். அந்நிலையில் இழுத்து நகர்த்தலாம். டெலிட் விசையை அழுத்தினால் கோடு நீங்கும். கோட்டை மீண்டும் அளவுகோலின்மேல் இழுத்து விட்டாலும், கண்ட்ரோல் விசையுடன் சொடுக்கினாலும் அதே விளைவுதான். எல்லாக் கோடுகளையும் ஒருசேர நீக்கவும், பக்கத்தின் நான்கு விளிம்புகளிலும் கோடுகளை அமைக்கவும் எடிட் பட்டியில் கட்டளைகள் உள்ளன. கோடுகளைத் தற்காலிகமாக மறைக்கவும் மீண்டும் காட்டவும் விசைப்பலகையில் உள்ள நெடுங்கோட்டுக் குறியை அழுத்தவேண்டும்.

பொருளைத் தேர்ந்தெடுக்க முனையும்போது அருகிலுள்ள வழிகாட்டியைத் தவறுதலாக இழுத்துவிடுவது புதிய பயனர்களிடம் மிகவும் பரவலாகக் காணப்படும் பிழை. அரை மில்லிமீட்டர் நகர்ந்த கோடு கண்ணுக்குப் புலப்படாது. அதன்பின் அதை நம்பி வரையப்படும் அனைத்தும் அரை மில்லிமீட்டர் தவறும். ஆகவே கோடுகள் அனைத்தும் அமைந்தவுடன் அவற்றைப் பூட்டிவிடுவது நன்று. இரு அளவுகோல்களும் சந்திக்கும் மூலையில் உள்ள பூட்டுப் பொத்தான் இதற்கானது. பூட்டிய கோடு நகராது. ஆனால் பொருட்கள் அதன்மீது வழக்கம்போல் ஒட்டும்.

எண்களால் இடம்வைத்தல்

அளவுகோலிலிருந்து இழுத்து வைக்கும் கோடு தோராயமானது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஓர் அங்குலத்துக்கு 96 படப்புள்ளிகள் என்னும் கணக்கில், 100 விழுக்காட்டுக் காட்சியில் திரையின் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 0.26 மி.மீ. ஆகும். முழுத் தாளும் தெரியவேண்டும் என்று காட்சியை 50 விழுக்காடாகக் குறைத்தால் ஒரு படப்புள்ளி 0.53 மி.மீ. ஆகிவிடுகின்றது. கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதைவிட நுண்ணிய இடத்தில் கோட்டை வைக்க இயலாது. 100 மி.மீ. இடத்தில் வைத்ததாக எண்ணிய கோட்டை ஆராய்ந்தால் 99.871 போன்ற ஓர் எண்ணே இருக்கும்.

இதற்குத் தீர்வு, கோட்டை எங்காவது இழுத்து வைத்துவிட்டு அதன்மேல் இருமுறை சொடுக்குவது ஆகும். திறக்கும் உரையாடல் பெட்டியில் கிடை ஆயம், நெடுக்கு ஆயம், கோணம், அலகு ஆகியவற்றை எண்களாக உள்ளிடலாம். பெயரும் நிறமும் கொடுக்கும் இடங்களும் அதே பெட்டியில் உள்ளன. "வெட்டு", "மடிப்பு", "எழுத்தின் எல்லை" என்று பெயரிட்டு வெவ்வேறு நிறம் கொடுத்துவைத்தால் ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறப்பவருக்கும் விளங்கும்.

இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு தொலைவு என்று குறிப்பிட, சார்பு மாற்றம் என்னும் தேர்வு உதவுகின்றது. அதைத் தேர்ந்தெடுத்து 100 என உள்ளிட்டு, சரி என்னும் பொத்தானுக்குப் பதிலாக நகலெடுக்கும் பொத்தானை அழுத்தினால், முதல் கோடு இருந்த இடத்திலேயே இருக்க, 100 அலகு தள்ளி இன்னொரு கோடு அமையும். சம இடைவெளியில் பல கோடுகள் வேண்டுவோருக்கு இது எளிய வழி.

ஆயங்கள் எங்கிருந்து எண்ணப்படுகின்றன என்பதில் பதிப்புகளுக்கிடையே வேறுபாடு உண்டு. 2020 இல் வெளியான 1.0 பதிப்புக்கு முன்பு தொடக்கப்புள்ளி பக்கத்தின் கீழ் இடமூலையில் இருந்தது. அப்பதிப்பு முதல் அது இயல்பாக மேல் இடமூலையில் உள்ளது. நெடுக்கு எண்கள் கீழ்நோக்கிக் கூடுகின்றன. 297 மி.மீ. உயரமுள்ள ஏ4 தாளில் மேல்விளிம்பிலிருந்து 40 மி.மீ. கீழே கோடு வேண்டுமென்றால் பழைய பதிப்பில் 257 என்றும் புதியதில் 40 என்றும் உள்ளிடவேண்டும். பழைய பயிற்சிக் குறிப்புகளைப் பின்பற்றுவோர் தடுமாறும் இடம் இது. பழைய முறையே வேண்டுவோர் விருப்பத்தேர்வுகளில் மாற்றிக்கொள்ளலாம்.

ஒட்டுதல்

வழிகாட்டிக் கோட்டுக்கு உண்மையான மதிப்பைத் தருவது ஸ்னாப்பிங் எனப்படும் ஒட்டுதல் வசதியே. ஒரு பொருளை இழுக்கும்போது அதன் குறிப்பிட்ட ஒரு பகுதி வழிகாட்டிக்கு அருகில் வந்ததும் மென்பொருள் அதைச் சரியாகக் கோட்டின்மேல் பொருத்திவிடும். ஒட்டுதல் இல்லாமல் கண்ணால் மட்டும் பொருத்தினால், மேலே கூறிய படப்புள்ளிக் கணக்கின்படி பிழை மீண்டும் நுழைந்துவிடும். கோடு மிகத் துல்லியமாக 100 மி.மீ. இடத்தில் இருக்கலாம். அதன்மேல் வைத்ததாக எண்ணிய பெட்டி 100.3 இல் இருக்கும். திரையில் இரண்டும் ஒன்றெனவே தோன்றும்.

ஒட்டுதல் நிகழ மூன்று நிபந்தனைகள் நிறைவேறவேண்டும். முதலாவது, ஒட்டுதல் பொதுவாக இயங்குநிலையில் இருத்தல். விசைப்பலகையில் விழுக்காட்டுக் குறியை அழுத்தி இதை மாற்றலாம். இரண்டாவது, ஒட்டும் இலக்குகளின் பட்டியலில் வழிகாட்டிக் கோடுகள் தேர்வாகியிருத்தல். மூன்றாவது, பொருளின் எந்தப் பகுதி ஒட்டவேண்டும் என்பது தேர்வாகியிருத்தல். பாதையின் கணுக்களா, எல்லைப் பெட்டியின் மூலைகளா, மையமா என்பது இங்கு முடிவாகின்றது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் கோடு வெறும் அலங்காரமாகவே நிற்கும். 2022 இல் வெளியான 1.2 பதிப்பில் இவ்வமைப்புகள் தனிக் கருவிப்பட்டையிலிருந்து சாளரத்தின் மேல் வலப்புறத்தில் திறக்கும் ஒரு பெட்டிக்கு மாற்றப்பட்டன. எனவே பழைய நூல்களில் உள்ள படங்களைக் கொண்டு தேடினால் அவை கிடைக்கமாட்டா.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மறைத்துவைத்த வழிகாட்டிகளில் பொருட்கள் ஒட்டுவதில்லை. திரை தெளிவாக இருக்கட்டும் என்று கோடுகளை மறைத்துவிட்டு வேலையைத் தொடர்பவர், தாம் ஒட்டுதலையும் சேர்த்து நிறுத்திவிட்டதை அறிவதில்லை.

ஒட்டியதா இல்லையா என்பதை ஐயமின்றி அறிய ஒரு வழி உள்ளது. ஒட்டும் நொடியில் அவ்விடத்தில் ஒரு சிறு குறியும், எது எதனோடு ஒட்டியது என்று கூறும் குறுஞ்செய்தியும் திரையில் தோன்றும். செய்தி தோன்றவில்லையென்றால் ஒட்டவில்லை என்பதே பொருள். செய்தியைப் படிக்காமல் விடுவதும் ஆபத்துதான். வழிகாட்டிக்கு மிக அருகில் வேறொரு பொருளின் கணு இருந்தால் ஒட்டுதல் அதன்மீது நிகழ்ந்திருக்கலாம். ஒட்டும் தொலைவு திரையின் படப்புள்ளிகளால் அளக்கப்படுவதால், காட்சியைப் பெரிதாக்கினால் இத்தகைய குழப்பம் குறையும். சிறிதாக்கினால் பல இலக்குகள் ஒரே எட்டுக்குள் வந்துவிடும். ஒட்டாமல் சற்று நகர்த்தவேண்டிய இடத்தில் இழுக்கும்போதே சிஃப்ட் விசையைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஒட்டுதல் இரு திசையிலும் இயங்கும். ஏற்கெனவே வரைந்த பொருளின் கணுவை நோக்கி ஒரு வழிகாட்டியை இழுத்தால், வழிகாட்டி அக்கணுவின்மேல் ஒட்டும்.

ஓரக்கோட்டின் தடிமன்

ஒட்டுதல் சரியாக நிகழ்ந்தும் அளவு தவறும் சூழல் ஒன்று உள்ளது. திசையன் வரைகலையில் பாதை என்பது தடிமன் இல்லாத கணிதக் கோடு. அதன்மீது தீட்டப்படும் ஓரக்கோட்டின் தடிமன் பாதையின் இருபுறமும் சம அளவில் பரவுகின்றது. 2 மி.மீ. ஓரக்கோடு உடைய செவ்வகத்தின் கணு வழிகாட்டியில் ஒட்டினால், தீட்டிய கோட்டில் 1 மி.மீ. வழிகாட்டியைத் தாண்டி வெளியே நிற்கும். எல்லைப் பெட்டியைக் கொண்டு ஒட்டினால் ஓரக்கோட்டின் வெளிவிளிம்பு வழிகாட்டியைத் தொட, பாதை 1 மி.மீ. உள்ளே இருக்கும்.

இவற்றில் எது சரி என்பது வேலையைப் பொறுத்தது. அச்சில் கட்டம் எங்கு முடிகின்றது என்பது முக்கியமானால் வெளிவிளிம்பே கணக்கு. லேசர் வெட்டுக்கருவிக்கு அனுப்பும் கோப்பில் பாதையே கணக்கு, ஏனெனில் கருவி பாதையின் வழியே செல்லும். இங்க்ஸ்கேப்பின் விருப்பத்தேர்வுகளில் எல்லைப் பெட்டியைக் காட்சி அளவாகக் கொள்வதா, வடிவியல் அளவாகக் கொள்வதா என்று தீர்மானிக்க இடமுண்டு. காட்சி அளவு ஓரக்கோட்டையும் உள்ளடக்கும். வடிவியல் அளவு பாதையை மட்டும் கொள்ளும். வேலை தொடங்குமுன் இதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். இடையில் மாற்றினால் ஒரே கோப்பில் பாதிப் பொருட்கள் ஒருவகையாகவும் மீதி வேறுவகையாகவும் ஒட்டியிருக்கும்.

கணித அளவில் சரியாக இருப்பது கண்ணுக்குச் சரியாகத் தோன்றவேண்டும் என்பதும் இல்லை. இரு கிடைக்கோடுகளுக்கிடையே ஒரே உயரத்தில் சதுரமும் வட்டமும் வரைந்தால் வட்டம் சிறியதாகத் தோன்றும். இதனால் எழுத்துரு வடிவமைப்பாளர்கள் வளைந்த அடியுடைய எழுத்துகளை வழிகாட்டியைச் சிறிது தாண்டவிடுவர். அவ்வாறு தாண்டவேண்டிய அளவுக்கும் தனியாக ஒரு வழிகாட்டி வைப்பது வழக்கம்.

சாய்ந்த கோடுகள்

அளவுகோலின் முனைப்பகுதியிலிருந்து இழுத்தால் சாய்ந்த வழிகாட்டி கிடைக்கும். ஏற்கெனவே உள்ள கோட்டை சிஃப்ட் விசையுடன் இழுத்தால் அது தன் நங்கூரப் புள்ளியை மையமாகக் கொண்டு சுழலும். கண்ட்ரோல் விசையையும் சேர்த்துப் பிடித்தால் இயல்பாக 15 பாகைப் படிகளாகச் சுழலும். துல்லியமான கோணம் வேண்டுமெனில் உரையாடல் பெட்டியில் உள்ளிடுவதே சரி. எந்திரப் பாகங்களைச் சமஅளவுத் தோற்றத்தில் வரைவோர் 30, 90, 150 பாகைகளில் மூன்று கோடுகளை ஒரே புள்ளியில் சந்திக்கவைத்துத் தொடங்குகின்றனர். இத்தகைய கோடுகள் பல தேவைப்படின் வழிகாட்டிகளைவிடச் சாய்கட்டம் எளிது. வழிகாட்டி சில முக்கியமான இடங்களுக்கு, கட்டம் எங்கும் பரவிய ஒழுங்குக்கு என்று கொள்வது பொருத்தம்.

எடுத்துக்காட்டு: மும்மடிப்புத் துண்டறிக்கை

வழிகாட்டிகளின் தேவையை நன்கு உணர்த்தும் வேலை ஏ4 தாளில் அச்சிட்டு மூன்றாக மடிக்கும் துண்டறிக்கை. தாளின் அகலம் 297 மி.மீ. என்பதால் மூன்றால் வகுத்து 99 மி.மீ. என்று பிரிப்பதே பலருக்கும் முதலில் தோன்றும். அது தவறு. உள்ளே மடிந்து செல்லும் மடல் மற்ற இரண்டையும்விடச் சற்றுக் குறுகியதாக இல்லையென்றால் மடிப்பில் முட்டி வளையும். ஆகவே இரண்டு மடல்களுக்கு 100 மி.மீ. வீதமும், உள்மடலுக்கு 97 மி.மீ. உம் கொடுப்பது வழக்கம்.

பின்னணி நிறம் தாளின் விளிம்புவரை வரவேண்டுமானால், வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாதிருக்க நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிறம் வைக்கவேண்டும். அச்சகங்களில் இது பிளீட் எனப்படுகின்றது. எனவே பக்கத்தின் அளவை 303 × 216 மி.மீ. என அமைக்கலாம். வெட்டு வழிகாட்டிகள் கிடையில் 3, 300 ஆகிய இடங்களிலும், நெடுக்கில் 3, 213 ஆகிய இடங்களிலும் அமையும்.

இனி மடிப்புகள். வெளிப்பக்கத்தை விரித்து நோக்கினால் இடமிருந்து வலமாக உள்மடல், பின்னட்டை, முன்னட்டை என்ற வரிசை அமையும். அகலங்கள் 97, 100, 100. பிளீட்டுக்கான 3 மி.மீ. கூட்டினால் மடிப்பு வழிகாட்டிகள் 100, 200 ஆகிய இடங்களில் வரும். தாளைத் திருப்பி உட்பக்கத்தை நோக்கினால் வரிசை தலைகீழாகும். முன்னட்டையின் பின்புறம் இடப்பக்கம் வந்துவிடும். அகலங்கள் 100, 100, 97. மடிப்பு வழிகாட்டிகள் 103, 203 ஆகிய இடங்களில் வரவேண்டும்.

இவ்வேலையில் நேரும் பெரும்பிழை, வெளிப்பக்கக் கோப்பை நகலெடுத்து அதே வழிகாட்டிகளோடு உட்பக்கத்தை வடிவமைப்பதாகும். 100, 200 என்பவை முழு எண்களாக இருப்பதால் ஐயமும் எழாது. திரையில் எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். அச்சாகி மடித்துவந்த பின்னரே மடிப்பு 3 மி.மீ. தள்ளி விழுவது தெரியும். நிறப்பட்டையின் ஓரம் அடுத்த மடலில் எட்டிப்பார்க்கும். ஆயிரக்கணக்கில் அச்சிட்டபின் இதற்குத் திருத்தம் இல்லை. ஒரு தாளில் அச்சிட்டு, கையால் மடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது எந்த மென்பொருளும் தராத உறுதியைத் தரும்.

எழுத்துகள் வெட்டுக்கோட்டையோ மடிப்பையோ நெருங்காதிருக்க, ஒவ்வொன்றிலிருந்தும் 5 மி.மீ. உள்ளே இன்னொரு தொகுதி வழிகாட்டிகளை வேறு நிறத்தில் வைக்கலாம். வெளிப்பக்கத்தின் நடுமடலுக்கு அவை 105, 195 ஆகிய இடங்களில் அமையும். வெட்டும் கருவி சற்று விலகினாலும் எழுத்து தப்பும்.

1.2 பதிப்பு முதல் ஒரே கோப்பில் பல பக்கங்களை வைக்க முடியும். வழிகாட்டிகளோ முடிவிலிவரை நீள்பவை. பக்கத்தின் எல்லையில் அவை நிற்பதில்லை. இரு பக்கங்களையும் பக்கவாட்டில் வைத்தால் வெட்டுக்கான கிடைக்கோடுகள் இரண்டுக்கும் பொதுவாகப் பயன்படும். இது வசதி. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் வெளிப்பக்கத்தின் மடிப்புக்கோடுகள் உட்பக்கத்தின் ஊடாகவும் செல்லும். மேற்கூறிய பிழைக்கு அதுவே அழைப்பாகும்.

கோப்பில் சேமிக்கப்படும் முறை

இங்க்ஸ்கேப் தன் படங்களை எஸ்விஜி வடிவத்தில் சேமிக்கின்றது. 2001 இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரையாக வெளியிட்ட இச்செந்தரத்தில் வழிகாட்டிக் கோடு என்ற கூறு கிடையாது. ஆகவே இங்க்ஸ்கேப் இவற்றைத் தனக்குரிய பெயர்வெளியில் எழுதிவைக்கின்றது. அப்பெயர்வெளி இன்றும் சோடிபோடி என்ற பழைய பெயரையே தாங்கி நிற்பது இம்மென்பொருளின் பிறப்பைக் காட்டும் தடயம். உலாவிகளும் பிற மென்பொருள்களும் தமக்குத் தெரியாத பெயர்வெளியைப் புறக்கணிப்பதால் வழிகாட்டிகள் அவற்றில் தெரிவதில்லை. அதே காரணத்தால், எஸ்விஜி கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து சேமித்தால் வழிகாட்டிகள் தொலைந்துபோகலாம்.

ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு செய்திகள் இன்றியமையாதவை: கோடு செல்லும் ஒரு புள்ளி, கோட்டுக்குச் செங்குத்தான ஒரு திசையன். கிடைக்கோட்டுக்குத் திசையன் (0, 1). நெடுக்குக்கோட்டுக்கு (1, 0). 30 பாகை சாய்ந்த கோட்டுக்கு (−0.5, 0.866). பள்ளியில் பயிலும் சாய்வு முறையைக் கையாளாமல் செங்குத்துத் திசையனைக் கொண்டதற்குக் கணித வசதி உண்டு. நெடுக்குக்கோட்டின் சாய்வு வரையறுக்க இயலாதது. அதற்கெனத் தனி விதி எழுதவேண்டியிருக்கும். செங்குத்துத் திசையனோ எல்லாக் கோணங்களுக்கும் ஒன்றுபோல் பொருந்தும். ஒரு புள்ளி கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் ஒரே பெருக்கல் கூட்டலில் கண்டுவிடலாம். ஒட்டுதலுக்கு ஒவ்வொரு நொடியும் தேவைப்படுவது அந்தத் தொலைவே.

கோப்பை உரைத்தொகுப்பியில் திறந்து கோடுகளை நேரடியாகத் திருத்துவோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 1.0 பதிப்பில் திரையின் தொடக்கப்புள்ளி மேலே மாறியபோதும், கோப்பில் வழிகாட்டிகளின் நெடுக்கு ஆயம் பழைய வழக்கப்படி கீழிருந்தே எண்ணப்படுகின்றது. நிரல்மூலம் வழிகாட்டிகளை உருவாக்குவோர் பக்கத்தின் உயரத்திலிருந்து கழித்து எழுதவேண்டும்.

அலகு குறித்தும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 0.91 வரை ஓர் அங்குலம் 90 படப்புள்ளிகளாகக் கொள்ளப்பட்டது. 0.92 முதல் அது 96 ஆனது. படப்புள்ளிகளில் அளவிட்ட பழைய கோப்பில் 25.4 மி.மீ. ஆக இருந்த நீளம், மாற்றம் செய்யாமல் திறந்தால் 23.8 மி.மீ. ஆகக் காட்டப்படும். பழைய கோப்பைத் திறக்கும்போது இதுபற்றி மென்பொருள் வினவும். அவ்வினாவைப் படியாமல் கடந்துவிடக் கூடாது.

பொருட்களிலிருந்து கோடுகள்

ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து சிஃப்ட் விசையுடன் ஜி விசையை அழுத்தினால் அது வழிகாட்டிகளாக மாறும். செவ்வகம் நான்கு கோடுகளாகும். நேர்க்கோட்டுத் துண்டுகளால் ஆன பாதையில் ஒவ்வொரு துண்டும் ஒரு கோடாகும். சுழற்றிய செவ்வகத்திலிருந்து சாய்ந்த கோடுகள் கிடைப்பதால், கோணத்தைக் கணக்கிடாமலே பெறலாம். மாற்றியபின் மூலப்பொருள் இயல்பாக நீக்கப்படும். அது வேண்டுமெனில் விருப்பத்தேர்வுகளில் அவ்வாறு அமைக்கவேண்டும், அல்லது முன்னரே நகலெடுத்து வைத்துக்கொள்ளவேண்டும்.

பக்கத்தை மூன்றில் ஒரு பங்கு விதிப்படியோ பொன் விகிதப்படியோ பிரிக்கும் வழிகாட்டிகளையும், புத்தகப் பக்க ஓரங்களுக்கான வழிகாட்டிகளையும் தானாக அமைக்கும் நீட்சியும் இங்க்ஸ்கேப்புடன் வருகின்றது.

வரம்புகள்

ஒட்டுதல் அந்த நொடியில் நிகழ்ந்து முடியும் செயல். பொருளுக்கும் வழிகாட்டிக்கும் இடையே நிலையான பிணைப்பு எதுவும் ஏற்படுவதில்லை. பின்னர் வழிகாட்டியை நகர்த்தினால் அதன்மேல் ஒட்டியிருந்த பத்துப் பெட்டிகளும் பழைய இடத்திலேயே நிற்கும். ஃபிரீகேட் போன்ற பொறியியல் வரைவு மென்பொருள்களில் கட்டுப்பாடுகளை நிலையாக விதித்து, அளவை மாற்றும்போது வரைபடமும் மாறுமாறு செய்யலாம். சதர்லாந்தின் ஸ்கெட்ச்பேடிலேயே அத்தகைய கட்டுப்பாடுகள் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. அளவுகள் அடிக்கடி மாறும் வேலைக்கு இங்க்ஸ்கேப்பின் வழிகாட்டிகள் போதா.

இங்க்ஸ்கேப்பில் வழிகாட்டி நேர்க்கோடாக மட்டுமே இருக்கமுடியும். வட்டமோ வளைகோடோ துணையாக வேண்டுமெனில், தனி அடுக்கு ஒன்றில் அவற்றைச் சாதாரணப் பாதைகளாக வரைந்து, அடுக்கைப் பூட்டி, பாதைகளின்மீது ஒட்டும் வசதியை இயக்கிக்கொள்ளலாம். ஆனால் இவை உண்மையான பொருட்கள் என்பதால் ஏற்றுமதிக்கு முன் அவ்வடுக்கை மறைக்க மறக்கக் கூடாது. வழிகாட்டிகளோ எந்த அடுக்கையும் சேர்ந்தவை அல்ல. அவை கோப்பு முழுமைக்கும் பொதுவானவை. ஓர் அடுக்குக்கு மட்டும் உரிய வழிகாட்டித் தொகுதியை அமைக்க இயலாது.

பிற மென்பொருள்களில்

அடோபி இல்லஸ்ட்ரேட்டரிலும் அளவுகோலிலிருந்து இழுத்தே வழிகாட்டிகள் உருவாக்கப்படுகின்றன. ஆனால் அங்கு அவை அடுக்குகளுக்கு உட்பட்ட பொருட்களாக நடத்தப்படுகின்றன. வட்டம் உட்பட எந்தப் பாதையையும் வழிகாட்டியாக மாற்ற முடியும். கண்ட்ரோல் விசையுடன் 5 ஐ அழுத்துவது இதற்கான குறுக்குவழி. அங்கு ஸ்மார்ட் கைடு எனப்படுபவை முன்கூட்டி அமைக்கப்படாமல், பொருளை இழுக்கும்போது அருகிலுள்ள பிற பொருட்களின் விளிம்பையும் மையத்தையும் கொண்டு தாமாகத் தோன்றி மறைபவை. இதையொத்த ஒழுங்குபடுத்தும் ஒட்டுதல் இங்க்ஸ்கேப்பில் 1.2 பதிப்பில் வந்தது. கோரல்டிராவிலும் வழிகாட்டிகளைச் சாய்க்க முடியும். லிப்ரெஓபிஸ் டிராவில் கிடை, நெடுக்குக் கோடுகளோடு, தனிப்புள்ளி ஒன்றையும் வழிகாட்டியாக வைக்கும் வசதி உண்டு.